பிள்ளையின் பின்னே ஓடிய தாய்

கம்ப்யூட்டர் புரோகிராம்கள் முகம் மாற்றிக்கொள்ளும் விந்தையைப் பற்றி எழுதும்படி ஆசிரியர் பணித்தபோது, அவர் மனத்தில் இருந்தது புதுவர்ணமும் புதுப்பொத்தானும் பளபளக்கும் ஒரு காட்சிதான் என்பதை நன்கு அறிந்தும், நான் எடுத்துக்கொண்டது கிம்ப் என்னும் படத்திருத்தப் புரோகிராமின் கதையை. ஒரு டூல்கிட்டை விட்டு இன்னொன்றுக்குப் போவதிலுள்ள பிரயாசையும் விபரீதமும் அதில் தெரிவதுபோல் வேறெங்கும் எனக்குத் தெரியவில்லை.

1995-ல் பெர்க்லி நகரத்துச் சர்வகலாசாலை மாணவர் இருவர் தொடங்கிய அந்தப் புரோகிராம், முதலில் மோட்டிப் என்னும் டூல்கிட்டின் மேல் நின்றது. மெனுவும் ஜன்னலும் வரைந்து தரும் அந்தச் சரக்கு விலை கொடுத்து வாங்க வேண்டியதாயும், அவர்களுடைய மனத்துக்கு உகக்காததாயும் இருந்தமையால், இருவரில் ஒருவர் தம் கையாலேயே வேறொன்றைச் செய்துகொண்டார். கிம்ப் டூல்கிட் என்று அதற்குப் பெயர், சுருக்கமாக ஜி.டி.கே. தாயின் பெயரை இனிஷியலாகத் தரித்துப் பிறந்த அந்தப் பிள்ளையை, 1997-ல் தோன்றிய க்னோம் என்னும் டெஸ்க்டாப் முயற்சி சுவீகாரம் எடுத்துக்கொள்ளவே, அது எண்ணற்ற புரோகிராம்களுக்கு ஆதாரமாகித் தனக்கென ஒரு சம்சாரத்தை உண்டாக்கிக்கொண்டது. 2011 பிப்ரவரியில் ஜி.டி.கே.யின் மூன்றாம் பதிப்பு வந்துவிட்டது. தாயோ இரண்டாம் பதிப்பிலேயே இருந்தாள். அவள் மூன்றை எட்டிப் பிடித்தது 2025 மார்ச் 16-ம் தேதி, கிம்ப் 3.0 வெளியான அன்று. ராமனுக்கு விதித்த வனவாச காலம் முழுதும் கழிந்துவிட்டது. இதிலும் ஒரு வேடிக்கை: மாற்றத்தின் முதல் சோதனைப் பதிப்பை 2020 நவம்பரில் கிம்ப்பின் ஆசிரியர்கள் வெளியிட, அடுத்த மாதமே ஜி.டி.கே.யின் நான்காம் பதிப்பு வந்து, அதன் இரண்டாம் பதிப்புக்கு விடை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இவ்வளவு காலதாமதம் சோம்பலால் நேர்ந்ததன்று. சம்பளத்தை எதிர்பாராத சிலர் ஓய்வு நேரத்தில் செய்த வேலை அது. படத்தின் நிறங்களைக் கணக்கிடும் உள்யந்திரத்தையே மாற்றியமைக்கும் வேறொரு பெரும்பணியும் இடையில் குறுக்கிட்டது. அதற்கும் மேலாக, பழைய ஜி.டி.கே.யில் ஒரு பொத்தானின் உட்பகுதிக்குள் எவரும் நேரே கைவிட்டு வேண்டியதை எடுக்கலாம், உரிமையுள்ள மருமகள் அடுக்களை உப்புச்சாடியை எடுப்பதுபோல. புதியதிலோ வாசலில் நின்று கேட்டுத்தான் வாங்கவேண்டும். வருஷக்கணக்காக உள்ளே கைவிட்டுப் பழகிய வரிகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து மரியாதை கற்பிப்பதென்றால் லேசான காரியமா? மாறாமலே இருந்துவிடுவதும் சாத்தியமில்லை: நுண்புள்ளிகள் நெருங்கிய புதுத்திரைகளில் சின்னங்கள் எறும்பளவாய்ச் சுருங்கின, வரைபலகையைப் புரோகிராம் தொடங்குமுன்பே மாட்டிவைத்தாக வேண்டியிருந்தது, லினக்ஸில் வேலண்ட் என்னும் புதிய திரைமுறை பழையதை மெல்ல அகற்றி வந்தது.

வேறு வழியில் போனதும் உண்டு: வலைப்போக்குவரத்தை ஆராயும் வயர்ஷார்க் என்னும் புரோகிராம், ஜி.டி.கே.யை விட்டே விலகி க்யூட் என்னும் வேறொன்றுக்குச் சென்றது. 2015-ல் புதுமுகத்தைக் காட்டினாலும், பழைய முகத்தையும் 2019 வரையில் கூடவே வைத்திருந்தது. அது விவேகமான வழி. அதற்குமேல் அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

என் மனத்தை உறுத்துவது வேறொரு விஷயம். புரோகிராமைச் செய்தவர்கள் தம் வரிகளை மாற்றிக்கொள்வார்கள். ஆனால் அதன்மேல் யார் யாரோ தத்தம் தேவைக்கு எழுதி ஒட்டவைத்த பிளக்-இன் என்னும் குட்டிக்கருவிகளின் கதி என்ன? கிம்ப் 3.0-ல் அவை பேசவேண்டிய பாஷையே மாறிவிட்டது. பைத்தான் என்னும் புரோகிராம் பாஷையின் இரண்டாம் பதிப்பில் எழுதியவை, மூன்றாம் பதிப்புக்கு ஏற்பத் திருத்தி எழுதப்பட்டாலன்றி எழுந்திருப்பதில்லை. ஒவ்வொன்றும் தன் பெயருடைய தனி போல்டரில் இல்லாவிட்டால் அதன் முகத்தையே புரோகிராம் பாராது. குப்பை கழிந்தது, புதிய வழி சுத்தமானது என்று சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் குப்பை எது என்று தீர்மானித்தவர் யார்? எழுதியவர் உத்தியோகம் மாறிப் போய்விட்டார்; உபயோகித்தவருக்கோ எழுதத் தெரியாது. இவ்விருவருக்கும் இடையில் அநாதையாக நிற்பது, பெரிய புரோகிராமின் ஆசிரியர்கள் ஒருநாளும் நினைத்துப் பாராத ஏதோ ஒரு சிறு தொழிலின் நுட்பம்.

எனக்கே இத்தகைய சொத்து ஒன்று உண்டு. பழைய வாரப்பத்திரிகைகளை ஸ்கேன் செய்து வைக்கும் பைத்தியம் எனக்கு இருப்பதைக் கண்டு இரங்கிய நண்பர் ஒருவர், பல வருஷங்களுக்கு முன், பக்கத்தின் கோணலை நிமிர்த்தி, காகிதத்தின் மஞ்சளை வெளுத்து, எழுத்தின் கறுப்பை மட்டும் நிறுத்தும் ஒரு பிளக்-இன் எழுதிக் கொடுத்தார். நாற்பது வரிகூட இராது. புதிய கிம்ப்பை நிறுவிய அன்று மெனுவில் அதைத் தேடினேன், இல்லை. நண்பருக்குப் போன் செய்தேன்.

“வரிகளை மாத்தறது ஒரு மணி நேர வேலை சார்,” என்றார், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. “ஆனா அதுல கறுப்பின் எல்லைன்னு 38-ன்னு ஒரு நம்பர் போட்டிருக்கேனே, அது எதுக்கு?”

எதற்கென்று நான் எப்படிச் சொல்வேன்? இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து, எழுத்தின் புள்ளி அழியாமல் காகிதத்தின் கறை மட்டும் போகும்வரை மாற்றி மாற்றிப் பார்த்துக் கண்டுபிடித்த எண் அது என்பது மட்டும் நினைவிருக்கிறது. எந்தப் பத்திரிகையின் காகிதத்துக்காக என்பது இருவருக்குமே மறந்துபோயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை வருவதாக நண்பர் சொல்லியிருக்கிறார். அதுவரையில் பழைய கம்ப்யூட்டரில் கிம்ப் 2.10-ஐ அப்படியே வைத்திருக்கிறேன். தானாக ஏதாவது புதுப்பித்துக்கொண்டுவிடுமோ என்ற பயத்தில், இன்டர்நெட் வயரை மட்டும் கழற்றி மேஜையின்மேல் சுருட்டி வைத்திருக்கிறேன்.