ஒரு மணி நேர ஃப்ளைட்... நிஜமாவா பாஸ்?

நாளை மறுநாள் உங்களுக்கு சேலத்தில் இன்டர்வியூ. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நிற்கிறீர்கள். "பேசாம ஃப்ளைட்ல போயிடு மச்சி, ஒரே மணி நேரம்!" என்று உசுப்பேற்றுகிறான் நண்பன். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி, வாங்க, ஒரு குட்டிக் கணக்கு போட்டுடலாம்.

மேப்பை எடுங்க. சென்னை மீனம்பாக்கத்துக்கும் சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்துக்கும் ஒரு கோடு போடுங்க. நேர்தூரம் சுமார் 265 கி.மீ. ஏ.டி.ஆர். ரக புரொப்பல்லர் விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். அப்படின்னா அரை மணி நேரம் போதுமே? டிக்கெட்டில் மட்டும் ஏன் ஒரு மணி நேரம்?

விஷயம் இதுதான். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அந்த ஊரில் போய் நிற்கும் வரை எல்லாமே பயண நேரக் கணக்கில் சேரும். ரன்வேக்கு ஊர்ந்து போகணும், வரிசையில் காத்திருக்கணும், மேலே ஏறணும், வேகத்தைக் குறைச்சு இறங்கணும். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான். பக்கத்து ஊர்னா இந்த இழுவை இன்னும் பெருசா தெரியும்.

இதுல ஒரு காமெடியும் இருக்கு. நீங்க போட்ட கோடு காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கி.மீ. தள்ளித்தான் போகுது. அதாவது, கிழக்கே அறுபது கி.மீ.க்கு மேல போய் ஏறி, திரும்ப நம்ம ஊர்ப் பக்கமாவே பறந்து வர்றோம்!

இப்ப மொத்தக் கணக்கு. மீனம்பாக்கம் போக இரண்டு மணி நேரம். செக்-இன், செக்யூரிட்டிக்கு ஒன்றரை. பறக்க ஒன்று. காமலாபுரத்திலிருந்து சேலம் டவுனுக்கு இருபது கி.மீ., முக்கால் மணி நேரம். ஆக ஐந்தே கால் மணி நேரம்! திருவண்ணாமலை வழியா பஸ்ஸில் போனால் சுமார் ஆறு மணி நேரம். மிச்சம் முக்கால் மணிதான். அதுக்கு எவ்வளவு காசு தரலாம்னு உங்க பர்ஸ் சொல்லட்டும். இன்னொண்ணு, 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் தொடங்கிய சென்னை-சேலம் சேவை நடுவில் நின்னுபோய், 2023 அக்டோபரில்தான் மறுபடி வந்தது. அதனால உங்க தேதிக்கு ஃப்ளைட் இருக்கான்னு முதல்ல பாருங்க.

"பரந்தூர் ஏர்போர்ட் வந்தா இந்தக் கணக்கே மாறிடுமே?" என்பீர்கள். மாறும்தான். 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. காஞ்சிபுரத்துக்கு அது கூப்பிடு தூரம். நம்ம கணக்கில் ஒன்றரை மணி நேரமாவது குறையும்.

ஆனா அதுக்குத் தேவைப்படுவது ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். அதில் வயல் இருக்கு, ஏரி இருக்கு, வீடும் இருக்கு. ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்தே போராட்டத்தில் இறங்கியதும் அதனால்தான். நமக்கு மிச்சமாகும் ஒன்றரை மணி நேரத்துக்கு அவங்க கொடுப்பது தலைமுறை தலைமுறையா உழுத நிலம்.

ஏர்போர்ட் வேணுமா, வேண்டாமான்னு கேன்டீனில் விவாதம் பண்ணுங்க, தப்பில்லை. ஆனா கணக்கு போடும்போது ரெண்டையும் சேர்த்துப் போடுங்க. அவசரம்னா, வீட்டு வாசலிலிருந்து இன்டர்வியூ வாசல் வரைக்கும் எண்ணுங்க. டிக்கெட்டில் இருப்பது நடுவில் வரும் ஒரு மணி நேரம் மட்டும்தான்.

ஆல் தி பெஸ்ட்!