நத்தார் வழிபாட்டின் இசைஞர்: லைப்சிக் நகரம், 1734 - ஒரு சமூகவியல் நோக்கு

சமய வழிபாட்டோடு இணைந்து வளர்ந்த இசையை ஆராய்வோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றையே மேற்கொள்வர். ஒரு சாரார் அதனைப் பக்தியுணர்வின் வெளிப்பாடாகக் காண்பர். மற்றொரு சாரார் தனியொரு மேதையின் படைப்பாற்றலாகக் காண்பர். இவ்விரு நோக்குகளிலும், அவ்விசையைத் தம் மூச்சாலும் விரல்களாலும் ஒலிக்கச் செய்த மனிதர்கள் புலப்படாது போய்விடுகின்றனர். அவர்கள் யாவர், அவர்களுக்கு ஊதியம் வழங்கியோர் யாவர், எத்தகைய நிபந்தனைகளின் கீழ் அவர்கள் தொழிற்பட்டனர், அந்நிபந்தனைகள் இசையின் வடிவத்தையே எவ்வாறு பாதித்தன என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காணத் தேவையான சான்றுகள் நிறைந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 1734ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் ஜேர்மனியின் லைப்சிக் நகரத் தேவாலயங்களில் இசைக்கப்பட்ட, யோகான் செபஸ்தியன் பாக் அமைத்த 'நத்தார் ஒரட்டோரியோ' என்னும் பேரிசையே அது. அதனை இசைத்தோரின் வாழ்நிலையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரசபையும் இசைத் தொழிலும்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லைப்சிக், சக்சனி நாட்டின் பெரும் வணிக நகரமாகவும் பல்கலைக்கழக நகரமாகவும் விளங்கியது. நாட்டை ஆண்ட மன்னர் குடும்பம், போலந்தின் முடியைப் பெறும் பொருட்டு 1697இல் கத்தோலிக்கத்தைத் தழுவியிருந்தபோதிலும், நகரமக்கள் லூதரன் திருச்சபையினராகவே இருந்தனர். நகரத் தேவாலயங்களின் இசை, நகரசபையின் பொறுப்பில் இருந்தது. 1723இல் புனித தோமையார் பாடசாலையின் இசையாசிரியராகப் பாக்கை நியமித்ததும் அச்சபையே. நகரின் நான்கு தேவாலயங்களுக்கும் பாடகரை வழங்கும் கடமை அப்பதவியுடன் இணைந்திருந்தது. எனவே, இன்று உலகப் புகழ்பெற்ற அவ்விசை அமைப்பாளர், அன்று உள்ளூராட்சிச் சபையொன்றின் ஊழியராகவே கருதப்பட்டார் என்பது மனங்கொளத்தக்கது.

தேவாலயத்தில் இசைத்தோரை மூன்று பிரிவினராக வகுத்து நோக்கலாம். முதற் பிரிவினர் நகரசபையின் ஊதியம் பெற்ற தொழில்முறை வாத்தியக்காரர். நால்வர் 'நகரக் குழலூதுவோர்' எனப்பட்டனர். மூவர் வயலின் முதலிய நரம்பு வாத்தியங்களுக்குரியோர். இவர்களுடன் தொழில் பயில்வோர் ஒருவரும் இருந்தார். ஆக, எண்மரே நிரந்தர இசைஞர். இவர்கள் கைவினைஞர் சங்கங்களை ஒத்த ஓர் அமைப்பின் வழி வந்தோர். சிறுவயதிலேயே ஒரு தலைவரிடம் சேர்ந்து, பல்லாண்டு பணிபுரிந்தே தொழிலைக் கற்றனர். நகர மண்டபக் கோபுரத்தில் நின்று நாள்தோறும் ஊதுதல், அரசியற் சடங்குகளில் இசைத்தல், தேவாலயத்தில் இசைத்தல் ஆகியன அவர்களது கடமைகள். திருமணங்களில் இசைக்கும் உரிமையே அவர்களது வருமானத்தின் முக்கிய ஊற்றாக இருந்தது.

இரண்டாம் பிரிவினர் புனித தோமையார் பாடசாலையின் விடுதி மாணவர். வறிய சிறுவர்க்கு உணவும் உறையுளும் கல்வியும் வழங்கிய அப்பாடசாலை, அவற்றுக்கு ஈடாக அவர்களது குரலைப் பெற்றுக்கொண்டது. வழிபாடுகளிலும் மரண ஊர்வலங்களிலும் அவர்கள் பாடினர். புத்தாண்டுக் காலத்தில் வீதிதோறும் சென்று பாடிப் பணம் திரட்டினர். அப்பணத்தில் ஆசிரியர்க்கும் பங்குண்டு. பெண்கள் தேவாலயப் பாடகர் குழுவில் இடம்பெறாமையால், உச்சக் குரற் பகுதிகள் யாவும் இச்சிறுவர்க்கே உரியனவாயின. கேதன் அரசவையில் ஊதியம் பெற்ற பாடகியாக விளங்கிய பாக்கின் துணைவியார் அன்னா மக்டலேனாவுக்குக்கூட லைப்சிக் தேவாலயங்களில் அவ்விடம் கிடைக்கவில்லை.

மூன்றாம் பிரிவினர் பல்கலைக்கழக மாணவர். இவர்களுக்கு ஒப்பந்தமோ நிலையான ஊதியமோ இல்லை. விருப்பின்பேரிலும் சிறு நன்கொடையின்பேரிலும் இவர்கள் இசைத்தனர்.

1730ஆம் ஆண்டு விண்ணப்பம்

இம்மூன்று பிரிவினரின் நிலையை அறிய உதவும் முதன்மையான ஆவணம், 1730 ஓகத்து 23ஆம் திகதி பாக் நகரசபைக்குச் சமர்ப்பித்த விண்ணப்பமாகும். நன்கமைந்த தேவாலய இசைக்கு எத்தனை பாடகரும் வாத்தியக்காரரும் தேவை என்பதை அவர் அதில் கணக்கிட்டுக் காட்டுகின்றார். வாத்தியங்களுக்கு மட்டும் குறைந்தது 18 பேர் தேவை என்பது அவரது கணிப்பு. நகரசபை வழங்கியதோ 8 பேரை மட்டுமே. அவர்களிலும் சிலர் ஓய்வுபெறும் வயதினர், சிலர் போதிய பயிற்சியற்றோர் என்பதை அவர் நாசூக்காக, ஆயினும் கசப்போடு சுட்டுகின்றார். வியோலா, செல்லோ முதலிய தாழ்சுர நரம்பு வாத்தியங்களுக்கும் புல்லாங்குழலுக்கும் நியமனம் பெற்றவர் எவருமிலர். அவ்விடங்களைப் பாடசாலை மாணவரைக் கொண்டு நிரப்ப வேண்டியிருந்தது. வாத்தியத்துக்கு ஒரு மாணவன் சென்றால், பாடகர் வரிசையில் ஒரு குரல் குறையும். விடுதி மாணவருள் 17 பேரே உடனடியாகப் பாடத்தக்கவர் என்றும், 20 பேர் மேலும் பயிற்சி பெற வேண்டியவர் என்றும், 17 பேர் முற்றிலும் தகுதியற்றோர் என்றும் அவர் பகுத்துக் காட்டியிருப்பதை இவ்விடத்து நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்விண்ணப்பத்தின் முக்கியத்துவம் எண்ணிக்கையோடு முடிவதன்று. முன்னர் பல்கலைக்கழக மாணவர்க்கு வழங்கப்பட்டுவந்த சிறு கொடுப்பனவுகள் படிப்படியாக நிறுத்தப்பட்டதை அது எடுத்துக்காட்டுகின்றது. கூலியின்றி உழைக்க எவர் முன்வருவர் என்ற வினாவையும் எழுப்புகின்றது. திறெஸ்டன் அரசவையையும் அது ஒப்புநோக்குகின்றது. ஆங்கு இசைஞர் அரசனின் ஊதியம் பெற்று, வாழ்க்கைக் கவலையின்றி, ஒவ்வொருவரும் ஒரு வாத்தியத்திலேயே தேர்ச்சி பெற்றனர். லைப்சிக் இசைஞரோ அன்றாட உணவுக்காக உழைத்தவாறே, பல வாத்தியங்களையும் கையாள வேண்டியவராயினர். கலையின் தரம் கலைஞனின் வாழ்நிலையிலிருந்து பிரிக்க முடியாதது என்னும் கருத்து, ஒரு கோட்பாட்டாளரின் நூலில் அன்று, ஓர் ஊழியரின் விண்ணப்பத்தில் இவ்வாறு தெளிவாக வெளிப்படுகின்றது.

பாக்கின் சொந்த நிலையும் இதனையே உணர்த்தும். அதே ஆண்டு ஒற்றோபர் 28ஆம் திகதி தம் இளமைக்கால நண்பர் ஏட்மனுக்கு எழுதிய கடிதத்தில், தமது வருமானம் ஏறத்தாழ 700 தாலர் எனக் குறிப்பிடுகின்றார். அதன் பெரும்பகுதி நிலையான சம்பளமன்று. திருமணம், மரணம் போன்ற சடங்குகளால் வருவது. நகரில் நல்ல காற்று வீசி மக்கள் நோயின்றி இருந்தமையால், முந்திய ஆண்டில் மரணச் சடங்குகளின் வருமானத்தில் 100 தாலருக்கு மேல் இழந்ததாக அவர் கூறுகின்றார். ஊரார் நலமாக வாழ்ந்தால் இசைஞனின் வீட்டில் வருமானம் குன்றும் என்பதே அன்றைய நியதி.

பதின்மூன்று நாட்கள், பத்து நிகழ்வுகள்

இத்தகைய வளங்களைக் கொண்டே 1734ஆம் ஆண்டு நத்தார் இசை நிகழ்த்தப்பட்டது. லைப்சிக் வழக்கப்படி, திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு முதல் நத்தாருக்கு முன் வரை, வாத்தியங்களோடு கூடிய பேரிசை தேவாலயங்களில் தவிர்க்கப்பட்டது. அம்மௌன வாரங்கள் வழிபடுவோர்க்கு நோன்பின் காலம். இசைஞர்க்கோ, பிரதி எழுதலும் பயிற்சியும் நிறைந்த உழைப்பின் காலம் எனலாம்.

நத்தார் ஒரட்டோரியோ ஒரே அமர்வில் நிகழ்த்தும் படைப்பாக அமைக்கப்படவில்லை. அதன் ஆறு பகுதிகளும் ஆறு நாட்களுக்குரியன: திசெம்பர் 25, 26, 27, 1735 சனவரி 1, 2, 6 என்பன அந்நாட்கள். இவற்றுள் நான்கு பகுதிகள், காலையில் ஒரு தேவாலயத்திலும் பிற்பகலில் மற்றொரு தேவாலயத்திலுமாக இருமுறை நிகழ்த்தப்பட்டன. மூன்றாம், ஐந்தாம் பகுதிகள் புனித நிக்கலஸ் தேவாலயத்தில் மட்டும் இசைக்கப்பட்டன. ஆக, 13 நாட்களுள் பத்து நிகழ்வுகள். முதல் நாள் காலையில் புனித நிக்கலஸ் தேவாலயத்தில் இசைத்தவர்கள், பிற்பகலில் அதே இசையைப் புனித தோமையார் தேவாலயத்தில் மீண்டும் இசைத்தனர். காலை ஏழு மணிக்குத் தொடங்கும் பிரதான வழிபாடு மூன்று நான்கு மணிநேரம் நீளும். அதனிடையே, ஒரு மணிநேரப் பிரசங்கத்துக்கு முன் இசை இடம்பெறும்.

இசையின் வடிவத்தை இக்கால அட்டவணையோடு பொருத்தி நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். எக்காளங்களும் பேரிகையும் முதலாம், மூன்றாம், ஆறாம் பகுதிகளில் மட்டுமே ஒலிக்கின்றன. இரண்டாம் பகுதியில் எக்காளம் இல்லை. ஓபோக்களும் புல்லாங்குழல்களும் இடையரின் இராக்காவலைச் சித்திரிக்கின்றன. நான்காம் பகுதியில் கொம்புகள் இடம்பெறுகின்றன. புத்தாண்டுக்கு மறுநாளான ஐந்தாம் பகுதியில் பித்தளை வாத்தியமே இல்லை. இதற்கு விவிலியக் கதைப்பொருள் ஒரு காரணம் என்பது வெளிப்படை; மன்னனின் வருகைக்கு எக்காளமும், இடையர்க்கு நாணற்குழலும் மரபுவழி வந்த குறியீடுகள். ஆயினும், வால்வுகளற்ற எக்காளத்தின் உச்சசுரங்களை உதடும் மூச்சும் மட்டுமே கொண்டு பிறப்பிக்க வேண்டிய ஒருவர், தொடர்ச்சியாக எத்தனை நாள் அதனைச் செய்ய முடியும் என்பதும் அமைப்பாளர் அறியாததன்று. இறையியலும் உடலுழைப்பின் எல்லையும் இங்கு ஒரே வடிவத்தில் சந்திக்கின்றன எனக் கருதலாம்.

அரசவிழாவும் மாட்டுக்கொட்டிலும்

இவ்விசையின் பெரும்பகுதி நத்தாருக்கென முதன்முதல் இயற்றப்பட்டதன்று. 1733 செப்தெம்பரில் இளவரசனின் பிறந்தநாளுக்கும், அதே ஆண்டு திசெம்பரில் அரசியின் பிறந்தநாளுக்கும் பாக் அமைத்த வாழ்த்திசைகளே புதிய சொற்களோடு இங்கு மீளவும் பயன்படுத்தப்பட்டன. முதற் பகுதியின் தொடக்கப் பல்லிசை, மூலத்தில் அரசியை வாழ்த்துமாறு பேரிகையையும் எக்காளத்தையும் விளித்துப் பாடப்பட்டதாகும். அவ்வாழ்த்திசைகளை நிகழ்த்தியது, பாக் 1729 முதல் தலைமை தாங்கிய மாணவர் இசைக்கழகம். சிம்மர்மன் என்பவரின் கோப்பிக் கடை அதன் வழமையான அரங்கு. கோப்பிக் கடையில் இசைத்த மாணவர் தேவாலயத்திலும் இசைத்தனர். ஒரே கைகள், ஒரே சுரங்கள். புனிதம், உலகியல் என்னும் பாகுபாடு சொற்களுக்கு உரியதாக இருந்ததேயன்றி, உழைப்புக்கு உரியதாக இருக்கவில்லை.

இவ்வுண்மையின் கொடிய பக்கமும் அவ்வாண்டிலேயே வெளிப்பட்டது. 1734 ஒற்றோபர் 5ஆம் திகதி இரவு, மூன்றாம் ஒகஸ்தஸ் மன்னன் போலந்தின் அரசனாகத் தெரிவுசெய்யப்பட்டதன் ஆண்டு நிறைவையொட்டி, மன்னன் முன்னிலையில் நகரச் சந்தைச் சதுக்கத்தில் பாக்கின் புதிய வாழ்த்திசை நிகழ்த்தப்பட்டது. 600 மாணவர் தீப்பந்தங்களை ஏந்தி ஊர்வலம் வந்தனர். முதல் எக்காளத்தை ஊதியவர் நகரக் குழலூதுவோரின் தலைவரான கொட்பிரீட் றைக்க. 1667இல் பிறந்த அவர் 1688இல் லைப்சிக்குக்கு வந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்நகருக்காக ஊதியவர். கோபுர இசைக்கென 24 சிற்றிசைகளை 1696இல் அச்சிட்டவர். ஓவியர் ஹவுஸ்மனால் உருவப்படம் தீட்டப்பெறும் அளவுக்கு மதிக்கப்பட்டவர். மறுநாள் தம் வீட்டை நோக்கிச் செல்கையில் அவர் வீதியிலே விழுந்து இறந்தார். முதல்நாள் இரவு ஊதியமையால் ஏற்பட்ட பெருங் களைப்பும் தீப்பந்தப் புகையுமே காரணம் என அக்கால நகரக் குறிப்பேடு பதிவுசெய்துள்ளது. அப்போது அவருக்கு வயது 67.

அவ்விரவில் பாடப்பெற்ற வாழ்த்திசையின் ஒரு தனிப்பாடல், மூன்று மாதங்களுக்குள் நத்தார் ஒரட்டோரியோவின் ஐந்தாம் பகுதியில் இடம்பெற்றது. தீமைக்கு நன்மையைக் கைம்மாறாக அளிக்கும் மன்னனின் பண்பைப் போற்றிய இசை, உள்ளத்தின் இருளை நீக்குமாறு வேண்டும் மன்றாட்டாக மாறியது. ஆனால் றைக்க அமர்ந்திருந்த எக்காள இருக்கையில் அந்நத்தாருக்கு மற்றொருவரே அமர வேண்டியிருந்தது.

முடிவுரை

ஒரட்டோரியோ முழுமையாக மீண்டும் இசைக்கப்பட்டது 1857 திசெம்பர் 17ஆம் திகதி, பேர்லினில். அதற்குள் உலகம் மாறிவிட்டது. 1743இல் லைப்சிக் வணிகர்களின் ஆதரவில் தோன்றிய இசையரங்க மரபு, பின்னர் கெவன்ட்ஹவுஸ் இசைக்குழுவாக வளர்ந்தது. இசை வழிபாட்டின் அங்கமாக மட்டுமன்றி, நுழைவுச்சீட்டுப் பெற்றுக் கேட்கும் பண்டமாகவும் ஆயிற்று. ஆறு நாட்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட இசை இன்று ஓரிரு மாலைகளுள் அடக்கப்படுகின்றது. அதே வேளை, கெவன்ட்ஹவுஸ் இசைஞர் புனித தோமையார் தேவாலயத்தில் சிறுவர் குழுவோடு இணைந்து இன்றும் இசைக்கின்றனர். 8 பேரைக் கொண்டு 18 பேரின் பணியை எதிர்பார்த்த நகரசபையின் இடத்தில், ஒப்பந்தமும் ஊதியமும் பெறும் பெருங்குழு இன்று உள்ளது. பாக் 1730இல் கேட்டது அவர் காலத்துக்குப் பின்னரே நிறைவேறியது.

ஓர் இசைப் படைப்பினை அதனை நிகழ்த்தியோரின் வாழ்நிலையோடு இணைத்து நோக்குவது, அமைப்பாளரின் மேதைமையைக் குறைப்பதாகாது. மாறாக, எண்மரையும் வறிய சிறுவரையும் கூலியற்ற மாணவரையும் கொண்டு அத்தகைய மகிழ்ச்சியொலியை எழுப்பியமையே அம்மேதைமையின் மெய்யான அளவுகோலாகும். ஆனால் அவ்வொலியின் உரிமை அவருக்கு மட்டும் உரியதன்று. மாட்டுக்கொட்டிலில் பிறந்த ஏழைக் குழந்தையை வாழ்த்திய எக்காளத்தின் பின்னால், ஊதியக் குறைவோடு ஊதிய மனிதரும் இருந்தனர். இசை வரலாறு எழுதுவோர் அவர்களுக்கும் தம் பக்கங்களில் இடம் ஒதுக்குதல் வேண்டும்.