ஒருசந்தியும் உணவு நோயும்



கொரோனாவால் 2020 மார்ச்சில் தமிழகக் கல்லூரிகள் மூடப்பட்டன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து நம் பிள்ளைகளும் வீட்டிலிருந்தபடியே செல்பேசியில் பாடம் கேட்டார்கள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இணைய வசதியை அரசு இலவசமாக அளித்தது. இடையில் திறந்து மூடிய கல்லூரிகள் 2021 செப்டம்பர் 1 அன்று மீண்டும் திறந்தன. இன்றும் பல வகுப்புகள் இணையத்தில் நடக்கின்றன.

இவ்வகுப்புகளில் ஆசிரியர் முகத்தோடு தன் முகமும் திரையில் தெரிகிறது. அதையே மணிக்கணக்கில் பார்க்கும் பிள்ளைக்கு, தன் தோற்றத்தில் குறை இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் அருகிலிருந்து எடுக்கும் படம் உண்மையைக் காட்டுவதில்லை. ஐந்தடி தூரத்தில் எடுப்பதைவிட, ஓரடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் கூறினர்.

தோற்றக் கவலை முற்றினால் சிலருக்கு அது நோயாகிறது. எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவை ஒதுக்குவது 'அனோரெக்சியா'. அளவின்றி உண்டுவிட்டு, பின் வாந்தி எடுப்பது 'புலிமியா'. இதற்கு 1979-இல் இப்பெயரிட்டவர் ஆங்கிலேய மருத்துவர் ஜெரால்ட் ரசல். இவை பிடிவாதமோ பகட்டோ அல்ல. உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடிய நோய்கள். ஆண்பிள்ளைகளுக்கும் வரும்.

குடும்பத்தோடு அமர்ந்து உண்ண மறுப்பது, உண்டவுடன் குளியலறைக்குச் செல்வது, அடிக்கடி எடை பார்ப்பது, மாதவிலக்கு நின்றுபோவது ஆகியவை அறிகுறிகள்.

தவக்காலத்தில் நாம் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். உணவை ஒதுக்கும் பிள்ளையைப் பார்த்து, "எவ்வளவு பக்தி!" என்று நாம் மகிழ்ந்துவிடக்கூடும். ஒருசந்தி இறைவனை நோக்கியது. அது முடிந்ததும் நன்றியோடு உண்கிறோம். இந்நோயோ எடையை நோக்கியது; அதற்கு முடிவே இல்லை. திருச்சபைச் சட்டப்படி 18 வயது நிறைந்தவர்களுக்கே ஒருசந்திக் கடமை உண்டு. நோயுற்றோரை அது கட்டாயப்படுத்துவதில்லை. தக்க காரணத்திற்காகப் பங்குத்தந்தையும் விலக்களிக்கலாம். இந்நோய் உள்ளவர் வேறு தவமுயற்சியைத் தேர்ந்துகொள்வதே நல்லது.

யாயீரின் மகளை உயிர்ப்பித்த இயேசு, அடுத்து அவளுக்கு உண்ணக் கொடுக்கச் சொன்னதை மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். நம் வீட்டிலும் அந்தக் கனிவு வேண்டும். "குண்டாகிவிட்டாய்", "எலும்பும் தோலுமாக இருக்கிறாய்" என்ற கேலிகளை விட்டுவிடுவோம். திட்டுவதாலோ வற்புறுத்தி ஊட்டுவதாலோ நோய் தீராது. மனநல மருத்துவரும் உணவியல் வல்லுநரும் குடும்பமும் சேர்ந்தால் குணமாக்க முடியும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை நமக்கு அருகிலேயே உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

நம் பிள்ளையின் தட்டை மட்டுமல்ல, முகத்தையும் பார்த்து, "எப்படி இருக்கிறாய்?" என்று இன்றே கேட்போம்.