மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டு முறையும் அதன் விலையும்

மைக்ரோசாஃப்ட் 1975இல் பில் கேட்ஸ், பால் ஆலன் என்ற இரு நண்பர்களால் தொடங்கப்பட்டது. 1986இல் வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்ட் நகரில் தன் வளாகத்தை அமைத்துக்கொண்டது. அதே ஆண்டில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. ஆரம்ப காலத்தில் அங்கு வேலை கிடைப்பதே பெரும்பாடு. நேர்காணல் ஒரு நாள் முழுக்க நடக்கும். ஒருவர் மாற்றி ஒருவர் கேள்வி கேட்பார்கள். முன்னவர் தன் கருத்தை அடுத்தவருக்குச் சொல்லி அனுப்புவார். சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்பது போன்ற புதிர்க் கேள்விகள் இந்த நேர்காணல்களால்தான் உலகப் புகழ் பெற்றன. தேறி வந்தவருக்குக் கதவு வைத்த தனி அறை உண்டு, சம்பளத்தோடு பங்கு வாங்கும் உரிமையும் உண்டு. பங்கின் விலை ஏற ஏற, சாதாரண புரோகிராமர்கள் ஆயிரக்கணக்கில் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். இரவு பகல் பாராமல் அவர்கள் உழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2000இல் ஸ்டீவ் பால்மர் தலைமைப் பொறுப்புக்கு வந்தபோது பங்கின் ஏறுமுகம் நின்றுபோயிருந்தது. 2003இல் பழைய பங்கு உரிமைத் திட்டமும் கைவிடப்பட்டது. பங்கு தானாக வளர்ந்து ஊழியரைப் பணக்காரர் ஆக்கும் காலம் போனதால், ஆண்டு முடிவில் மேனேஜர் போடும் ரேட்டிங்கின் கனம் கூடியது. போனஸ், புரமோஷன், வேறு டீமுக்கு மாறும் வாய்ப்பு என்று எல்லாமே அதைச் சுற்றியே சுழன்றன.

ஊழியரைத் தரவரிசைப்படுத்தும் இந்த முறைக்கு ஆங்கிலத்தில் ஸ்டாக் ரேங்கிங் என்று பெயர். இந்தியாவின் ஐடி நிறுவனங்களில் வேலை செய்தவர்கள் இதையே பெல் கர்வ் என்பார்கள். ஒவ்வொரு பிரிவிலும் இத்தனை பேருக்கு உயர்ந்த ரேட்டிங், இத்தனை பேருக்கு நடுத்தரம், இத்தனை பேருக்குக் கடைசி என்று விகிதம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். பத்துப் பேர் கொண்ட டீமில் எல்லோரும் பிரமாதமாக உழைத்தாலும் இருவருக்குத்தான் நல்ல பெயர். ஏழு பேர் சுமார், ஒருவர் மோசம். யார் எந்த இடம் என்பதுதான் தெரியாதே தவிர, இந்தக் கணக்கு வேலை தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

அந்தக் கணக்கு எப்படி நிரப்பப்பட்டது என்பதைப் பத்திரிகையாளர் கர்ட் ஐகன்வால்ட் 2012இல் வேனிட்டி ஃபேர் இதழில் எழுதினார். மேனேஜர்கள் ஓர் அறையில் கூடுவார்கள். ஜன்னல் திரைகள் இழுத்து மூடப்படும். ஊழியர்களின் பெயர்கள் பலகையில் ஏறும். பேரம் நடக்க நடக்க அவை ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு நகரும். தன் ஆள் ஒருவரை மேலே ஏற்ற வேண்டுமானால் இன்னொருவரைக் கீழே தள்ள ஒரு மேனேஜர் சம்மதித்தாக வேண்டும். ஆகவே, தன் மேனேஜரைத் தவிர மற்ற மேனேஜர்களுக்கும் தன்னைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஊழியர்கள் விரைவிலேயே புரிந்துகொண்டார்கள். வேலைக்குச் செலவிட வேண்டிய நேரம் அறிமுகங்களைத் தேடுவதில் கழிந்தது.

இதைவிட மோசமான விளைவுகளும் இருந்தன. பக்கத்து இருக்கைக்காரர் ஜெயித்தால் தான் ஒரு படி இறங்க வேண்டியிருக்கும்போது, அவருக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? திறமைசாலிகள் ஒரே டீமில் சேர்ந்து வேலை செய்வதைத் தவிர்த்தார்கள். பலன் தெரியப் பல ஆண்டுகள் பிடிக்கும் வேலையைவிட, அடுத்த ரேட்டிங்குக்குள் காட்டக்கூடிய வேலையே பாதுகாப்பானதாகப் பட்டது. ஐகன்வால்ட் பேசிய ஊழியர்கள் எல்லோருமே இந்த முறையைத்தான் குற்றம் சாட்டினார்கள்.

இது மைக்ரோசாஃப்டின் கண்டுபிடிப்பு அல்ல. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் 1980களில் பிரபலமாக்கிய முறை. அங்கு 20 சதவீதம் முன்னணி, 70 நடு, 10 கடைசி. பெல் கர்வ் எனும் மணி வடிவ வளைகோடு, தேர்ந்தெடுக்கப்படாத பெருங்கூட்டத்துக்குப் பொருந்தலாம். ஒரு நாள் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்து எடுத்த பத்துப் பேருக்கு அதைப் பொருத்துவது கணக்கின் அடிப்படையிலேயே தவறு.

2013 நவம்பரில் மனிதவளத் தலைவர் லிசா பிரம்மெல் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில், விகிதமும் இல்லை, ரேட்டிங்கும் இல்லை என்று அறிவித்தார். ஒதுக்கப்பட்ட நிதிக்குள் யாருக்கு எவ்வளவு என்பதை இனி மேனேஜரே முடிவு செய்யலாம். மதிப்பீட்டில் மூன்று கேள்விகள் இடம்பெற்றன: தானாக என்ன செய்தார், மற்றவர் வெற்றிக்கு என்ன கொடுத்தார், மற்றவர் செய்ததை எடுத்து எப்படி மேலும் வளர்த்தார். பிந்தைய இரண்டும் முக்கியமானவை. உதவி செய்வது நஷ்டம் என்றிருந்த இடத்தில் அதற்கும் கூலி வைத்தார்கள்.

2014 பிப்ரவரியில் ஐதராபாத்தில் பிறந்த சத்யா நாதெள்ளா தலைமைக்கு வந்தார். எல்லாம் தெரிந்தவர் என்பதைவிட எல்லாவற்றையும் கற்றுக்கொள்பவர் என்பதே பெருமை என்று அவர் திரும்பத் திரும்பப் பேசினார். உளவியலாளர் கேரல் டுவெக்கின் ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொண்ட கருத்து அது. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கே சோதனை வந்தது. பெண்கள் சம்பள உயர்வு கேட்காமல் கர்மாவை நம்பலாம் என்ற பொருளில் பெண் கணினி வல்லுநர்கள் மாநாட்டில் பேசிக் கடும் கண்டனத்துக்கு ஆளானார். தான் சொன்னது முற்றிலும் தவறு என்று அன்றே ஊழியர்களுக்கு எழுதினார். மேடைப் பேச்சுகள் பலவற்றைவிட அந்தக் கடிதம் ஊழியர்களுக்குச் சொன்னது அதிகம்.

ரேட்டிங் முறையைக் கைவிடும் அலை இந்தியாவையும் தொட்டது. 2015இல் அக்சென்சரும் இன்ஃபோசிஸும் கட்டாய விகித முறையை விட்டன.

இத்தனை மாற்றங்களும் நிரந்தர ஊழியர்களுக்கே. ரெட்மண்டில் நீண்ட காலமாக இரண்டு நிற அடையாள அட்டைகள் இருந்தன: நிரந்தர ஊழியருக்கு நீலம், ஒப்பந்த ஊழியருக்கு ஆரஞ்சு. ஆண்டுக்கணக்கில் ஒரே வேலையைச் செய்தும் பங்குச் சலுகை மறுக்கப்பட்ட ஒப்பந்த ஊழியர்கள் 1992இல் வழக்குப் போட்டார்கள். 2000 டிசம்பரில் 9.7 கோடி டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே வந்த விதி, ஒப்பந்த ஊழியர் ஓராண்டு வேலை செய்தால் 100 நாள் கட்டாயமாக வெளியே இருக்க வேண்டும் என்றது. அந்த 100 நாளுக்கு மைக்ரோசாஃப்ட் வேலையும் கிடைக்கவில்லை, சம்பளமும் கிடைக்கவில்லை.

வேலைப் பாதுகாப்பும் ரேட்டிங்கோடு சேர்ந்து மாறிவிடவில்லை. நாதெள்ளா வந்த ஐந்தே மாதத்தில், 2014 ஜூலையில், 18,000 பேர் நீக்கப்படுவார்கள் என்ற அறிவிப்பு வந்தது. அவர்களில் சுமார் 12,500 பேர் அப்போதுதான் வாங்கியிருந்த நோக்கியா கைபேசிப் பிரிவோடு தொடர்புடையவர்கள். 2023 ஜனவரியில் இன்னும் 10,000 பேர்.

நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை, வரி வழக்கு காரணமாக, மைக்ரோசாஃப்ட் கைக்குப் போகவில்லை. ஒரு காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கு வேலை செய்தார்கள்; பெரும்பாலோர் இளைஞர்கள், பெண்கள் நிறைய. 2014இல் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் கையெழுத்திட்டு வெளியேறினார்கள். மைக்ரோசாஃப்ட் கொள்முதல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதும், அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி ஆலை உற்பத்தியை நிறுத்தியது. ரெட்மண்ட் அறிவித்த 18,000 பேர் கணக்கில் அந்தத் தொழிலாளர்கள் சேரவில்லை.