வீதி தேடி வந்த இசை

ஜாஸ் இசை, அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு ஈந்த செல்வம். அம்மக்களின் பிள்ளைகளே அதனைக் கட்டணமின்றிக் கேட்க இயலாதெனின், அது முறையாகுமா? நியூயார்க் நகரின் ஹார்லம் பகுதியில், 1964-ஆம் ஆண்டில், பியானோக் கலைஞர் பில்லி டெய்லரும் டாஃப்னி ஆர்ன்ஸ்டீன் அம்மையாரும் 'ஜாஸ்மொபீல்' என்னும் இலாபநோக்கற்ற அமைப்பை நிறுவினர். ஊர்தியையே மேடையாக்கித் தெருக்களுக்குச் சென்று, அனைவருக்கும் இலவசமாக இசை வழங்கினர். பின்னர்ச் சனிக்கிழமைப் பயிற்சி வகுப்புகளும் தோன்றின. தேர்ந்த கலைஞர்களே அங்கு ஆசிரியராயினர்.

ஜாஸில் பெரும்பகுதி, வாசிக்கும் அக்கணத்திலேயே கற்பனையாய்ப் பிறப்பது. ஏட்டைப் பார்த்து மட்டும் அதனைக் கற்றல் அரிது. வல்லார் வாசிக்கக் கேட்டு, அவரோடு கூடி வாசித்தே கற்றல் வேண்டும். ஆதலின், கேட்கும் வாய்ப்பை இழந்த பிள்ளை கற்கும் வாய்ப்பையும் இழக்கின்றது. அவ்வூர்தி தெருவிற்குக் கொணர்ந்தது பொழுதுபோக்கு மட்டுமன்று, கல்வியுமாம்.