காற்றில் ஏறும் உப்பு

கடற்கரை ஊர்களில் பிறந்து வளர்ந்த நண்பர்களைக் கேட்டால் சொல்வார்கள்: சன்னல் கம்பி விரைவில் துருப்பிடிக்கும், மூக்குக் கண்ணாடியில் மங்கலான படலம் படியும், கரையில் சிறிது நேரம் நின்றாலே உதடு கரிக்கும். 'உப்புக் காற்று' என்று இதற்குப் பெயரும் இட்டு வைத்திருக்கிறோம். ஆனால், உப்பு காற்றில் ஏறுவது எப்படி?

நீராவியோடு சேர்ந்து போகிறது என்று சொல்லத் தோன்றும். அது பொருந்தாது. வேதாரணியத்திலும் தூத்துக்குடியிலும் உள்ள உப்பளங்களே அதற்குச் சான்று. வெயிலில் நீர் மட்டுமே ஆவியாகிறது. உப்பு பாத்தியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே, உப்பு மேலே போக வேண்டுமானால் கடல்நீர் துளியாகவே தூக்கி எறியப்பட வேண்டும். பெருங்காற்று அலையின் முகட்டைப் பிய்த்தெறிவதும் உண்டு. எனினும், நெடுந்தூரம் மிதந்து செல்லும் நுண்துளிகளில் பெரும்பாலானவற்றை உண்டாக்குவது நீர்க்குமிழியே.

கரையை நெருங்கி ஆழம் குறைந்ததும் அலையின் முகடு முன்னோக்கிக் கவிழ்கிறது. கவிழும்போது காற்றை வாரி நீருக்குள் அமுக்கிவிடுகிறது. அக்காற்று எண்ணற்ற குமிழிகளாகச் சிதறி மேலே வருகிறது. நாம் வெண்ணுரை என்று கண்டு மகிழ்வது இக்குமிழிக் கூட்டத்தையே.

நீர்ப்பரப்பை அடைந்த குமிழியை மெல்லிய நீர்த்தோல் ஒன்று மூடியிருக்கும். அது கிழியும்போது மிக நுண்ணிய துளிகள் தெறிக்கின்றன. தோல் போனபின் நீரில் ஒரு சிறு குழி எஞ்சுகிறது. சுற்றிலுமுள்ள நீர் அக்குழியை நிரப்பப் பாய்ந்து, நடுவில் மோதி, ஊசிபோன்ற தாரையாக எழுகிறது. தாரையின் நுனி அறுந்து சில துளிகளாகப் பறக்கிறது. இவற்றின் விட்டம் குமிழியின் விட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் உட்காக், பிளான்சார்டு முதலிய ஆய்வாளர்கள் 1950-களில் விரைவுப் புகைப்படங்கள் எடுத்து இதை விளக்கினார்கள். சோடாவைக் குவளையில் ஊற்றி முகத்தருகே பிடித்தால் மூக்கில் சிலுசிலுவென்று தெறிக்கிறதே, அதுவும் இதுதான்.

ஒரு கிலோகிராம் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பறக்கும் துளி உலர்ந்தால், அதன் விட்டத்தில் ஏறக்குறைய கால்பங்கு அளவுள்ள உப்புத் துகள் மிஞ்சும். பெரிய துகள்கள் கரையோரத்திலேயே விழுந்துவிடும். சிறியவை காற்றோடு நெடுந்தூரம் செல்லும்.

இத்துகள்களால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. நீராவி முகில் துளியாகத் திரள்வதற்குப் பற்றுக்கோடாக ஒரு துகள் வேண்டும். கடல்மேல் அந்த உதவியைச் செய்பவற்றுள் உப்புத் துகளும் ஒன்று. ஆனால், அதுவே இரும்பின்மேல் படிந்தால் பகையாகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சோற்றுப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து உவர்நீர்ப் படலமாகிறது. அப்படலத்தின் அடியில் துரு விரைந்து வளர்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலம் நூறாண்டுக்கு மேல் இப்பகையோடு போராடியது. 2022 டிசம்பரில் அதன்மேல் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பை ஆராய்ந்து வருவதும் இத்தகைய இழப்புகளைக் குறைப்பதற்காகவே.

குமிழி தூக்கிச் செல்வது உப்பை மட்டுமன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. நீரில் கிடக்கும் நுண்ணுயிர்களும் அழுக்கும் அதே துளியில் ஏறிக்கொள்கின்றன. கலிபோர்னியாவில் சாக்கடை நீர் கலக்கும் இம்பீரியல் கடற்கரையில், கழிவுநீரின் பாக்டீரியாக்கள் அலைத்துளி வழியே கரைக்காற்றில் கலப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. கடலில் இறங்காமல் கரையில் நிற்பவரும் அதைச் சுவாசிக்க நேரும்.

'கடல் பெரியது, எதைக் கொட்டினாலும் கரைந்துவிடும்' என்று சொல்லுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு இந்தச் சிறு குமிழியின் செய்தியை எடுத்துச் சொல்வது, அறிவியல் பயிலும் நம்மவர் செய்யக்கூடிய தொண்டாகும். கழிவுநீரைத் தூய்மை செய்து விடுவது மீனுக்காக மட்டுமன்று; கரையில் காற்று வாங்கும் நம் மக்களுக்காகவும்தான்.