கரகரக்கும் பிரேக்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. ஆட்களை இறக்கவும் பாறையை ஏற்றவும் இருந்த கூண்டுகள், மேலே ராட்சத உருளைகளில் சுற்றிய கம்பிவடத்தில் தொங்கின. இப்படிப்பட்ட சுரங்கக் கூண்டுகளின் பிரேக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. அதை அழுத்திப் பிடித்திருப்பது எடையோ ஸ்பிரிங்கோ. விடுவிக்கத்தான் விசை வேண்டும். விசை போய்விட்டால் பிரேக் தானாகவே இறுகிக்கொள்ளும்.

குடும்பக் காரின் கால் பிரேக் இதற்கு நேர் எதிர். மிதித்தால்தான் பிடிக்கும். உராயும் கட்டையான பேட் தேய்ந்தாலும் ஆயில் கசிந்தாலும் வண்டியைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு அதில் கிடையாது. சின்ன கார்கள் பலவற்றில் பேட் தேய்ந்ததைக் காட்டத் தனி விளக்கும் இல்லை, சத்தம்தான் எச்சரிக்கை.

அந்தச் சத்தம் இரண்டு கட்டமாக வரும். பல பேட்களில் மெல்லிய எஃகு நாக்கு ஒன்று வைத்திருப்பார்கள். உராய்வுப் பொருள் இரண்டு மூன்று மில்லிமீட்டராகத் தேயும்போது அந்த நாக்கு சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைத் தொட்டு ‘கீச்’ என்று கத்தும். இது வேண்டுமென்றே வைத்த சத்தம். இதைக் கேட்டும் பாட்டின் ஒலியைக் கூட்டிக்கொண்டு ஓட்டினால் அடுத்தது வரும்: பேட்டின் இரும்புத் தகடே டிஸ்க்கை உரசும் ‘கரகர’. முதல் கட்டத்தில் பேட் செலவோடு போகும். இரண்டாவதில் டிஸ்க்கும் சேர்ந்து போகும். நிற்கும் தூரமும் கூடிவிடும் என்பதால் அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது.

எல்லாக் கரகரப்பும் பேட் அல்ல என்பதும் உண்மை. இரவு மழை பெய்தால் டிஸ்க்கில் மெல்லிய துரு படியும். காலையில் நாலு முறை பிரேக் பிடித்ததும் சத்தம் மறைந்துவிடும். மண் சாலையில் வந்த வண்டியில், டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டு மூடிக்கும் நடுவே சிறு கல் சிக்கியிருக்கலாம்; பிரேக்கைத் தொடாதபோதும் தகரம் உரசும் சத்தம் கேட்டால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். மிதிக்காமலே வேகத்தோடு சேர்ந்து ஏறும் ‘உம்ம்’ என்ற இரைச்சலுக்குச் சந்தேகம் வீல் பேரிங் மேல். மிதித்தால் மட்டும், அதுவும் நாலு முறை பிடித்தும் மறையாமல் கரகரத்தால், பெரும்பாலும் பேட்டோ பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் ஷூவோதான்.

தேய்வதற்கென்றே ஒரு பொருளை வைக்கும் இந்த யோசனைக்கு ஒரு பெண்மணியின் பயணம் காரணம் என்பார்கள். சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1888-ல், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் தன் கணவர் செய்த காரில் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோகவே, வழியில் செருப்புத் தைப்பவரிடம் அதன்மேல் தோல் அடிக்கச் சொன்னார். தோலுக்குப் பிறகு ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. அது நுரையீரலைக் கெடுக்கும் என்று தெரிந்தபின் வேறு கலவைகள் வந்தன. நம் பக்கத்தில் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-லேயே தொடங்கிவிட்டது.

பிரேக் செய்யும் வேலை ஓட்டத்தை வெப்பமாக்குவது; அந்த வெப்பம் கொஞ்சநஞ்சமல்ல. தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூர், குடியாத்தம் பக்கம் சொந்தம் உள்ள குடும்பங்கள் வி.கோட்டா வழியாகப் பேரணாம்பட்டுக்கு மலைப்பாதையில் இறங்குவார்கள். 1,000 கிலோ எடையுள்ள கார் 400 மீட்டர் இறங்குவதாகக் கொண்டால், அந்த இறக்கத்தின் ஆற்றல் சுமார் 13 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கியரைக் குறைத்து இன்ஜினிடம் ஒரு பங்கைத் தள்ளாதவர் முழுவதையும் பேட்டின் தலையில் கட்டுகிறார்.

வீட்டில் நாமே பேட் மாற்றக்கூடியது முன்சக்கர டிஸ்க் பிரேக்கில். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுக்க வேண்டும். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு ஜாக்கி ஏற்ற வேண்டும். ஏற்றியபின் ஸ்டாண்டு முட்டுக் கொடுப்பது கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்வது ஆளைக் கொல்லும். பல கார்களில் பேட்களைப் பிடித்திருக்கும் காலிபரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் அது மேலே மடங்கிக்கொள்ளும், பேட்கள் கையோடு வந்துவிடும். தூசியை வாயால் ஊதக் கூடாது. ஈரத்துணிதான்.

கழற்றிய பழைய பேட்டை உடனே தூக்கி எறிகிறவர்கள் பாதி வேலையைத்தான் செய்கிறார்கள். நோய் எங்கே என்று அதில்தான் தெரியும். உள்பக்கப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், காலிபர் நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடு பின்கள் துருவில் இறுகியிருக்கலாம், அல்லது பேட்டை அழுத்தும் பிஸ்டன் திரும்பாமல் நிற்கலாம். ஒரே பேட் ஆப்பு மாதிரி சாய்வாகத் தேய்ந்தாலும் பின்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் புதுப் பேட் போட்டால் அதே கரகரப்பு சீக்கிரமே திரும்பி வரும். பின்களைத் துடைத்து, அதற்குரிய பிரேக் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பர் உறைகளை ஊத வைத்துவிடும்.

டிஸ்க்கில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கடைந்து எடுக்கலாம். புல்டோசர் செய்யும் பெமல் தொழிற்சாலை இருக்கிற தங்கவயலில் லேத் பிடிக்கத் தெரிந்தவருக்கா பஞ்சம்! ஆனால் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போனால் எவ்வளவு கைத்திறனும் உதவாது. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான். பேட்டும் அப்படியே, ஜோடியாக.

பிஸ்டனைக் கிளாம்ப்பால் உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். வழிந்தால் பெயின்ட் உரியும். பின்சக்கர டிரம்மையும் ஆயில் கசிவையும் மெக்கானிக்கிடம் விடுவதே மேல். டிரம்முக்குள் ஸ்பிரிங்குகள் அதிகம், பழகாத கைக்கு அடங்காது.

எல்லாம் மாட்டியபின் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். பயப்பட வேண்டாம், ஆனால் அப்படியே கிளம்பவும் கூடாது. கெட்டியாகும்வரை மிதித்த பிறகே வண்டி நகர வேண்டும். கெட்டியாகாமல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. அது மெக்கானிக் வேலை. கெட்டியாகிவிட்டால் கூட்டமில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து சில முறை மெல்லப் பிடித்து விட்டு, நடுவில் ஆற விட்டால் புதுப் பேட் டிஸ்க்கோடு பழகும். திரும்பி வந்ததும் இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் கையை நீட்டிப் பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே ஏதோ இன்னும் இறுகியிருக்கிறது; மறுபடி கழற்ற வேண்டும்.